கேட்கப் போகிற அக்கா

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் காய்கறிக்கு மேலே மாட்டுகிற அட்டைகள்தான். ‘சின்ன வெங்காயம்’, ‘முருங்கைக்காய்’, ‘வெண்டைக்காய், தயவுசெய்து நுனியை ஒடிக்காதீர்கள்’. எங்கள் சர்ச்சின் தமிழ்க் குழுவினர் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மறுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகு அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரை எழுதினாலும் யாருக்கும் தெரியாது. டல்லாஸுக்கு வடக்கே, ரிச்சர்ட்சனை அடுத்த ஊரில் நான் வேலை செய்கிற இந்தியக் கடையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். சூடாகச் சாப்பாடு விற்கிற கவுன்ட்டரில் நின்றார். அவருக்கு நேர் எதிரே என்னுடைய காய்கறிப் பகுதி. சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை அடித்தபோது, எங்கள் குஜராத்தி மேனேஜர் அவருக்கு ‘அக்கா’ என்றே ஆங்கிலத்தில் அடித்துவிட்டார். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மெக்சிகோக்காரர்கள் அவரை ‘மிஸ் அக்கா’ என்றார்கள். என் மகனுக்கு அவர் ‘அக்கா ஆன்ட்டி’.

தென்காசிப் பக்கம். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குள்ளம். முடி விழாமல் இருக்க மாட்டுகிற தலைவலை போட்ட கொண்டைக்கு மேலே கனகாம்பர நிறத்தில் ஒரு கிளிப். வடை போட்டுக்கொண்டே கடைக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். யாருக்கு என்ன ஆயிற்று என்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் போயாக வேண்டும்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத்தான் ‘கேட்கப் போகிறோம்’ என்போம். துட்டி கேட்பது. உடம்பு சரியில்லாதவரைப் ‘பார்க்க’த்தான் போவோம். அக்காவுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. சாவு, காய்ச்சல், கால் சுளுக்கு, விசா மறுப்பு, வேலை போனது, காரை எவனோ பின்னால் இடித்தது, டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறை ஃபெயில் ஆனது, எல்லாவற்றுக்கும் அவர் கேட்கத்தான் போவார். இதில் ஒருமுறை நம் ஊர்க்காரர் ஒருவர் பயந்தே போய்விட்டார். “அக்கா, பல்லைத்தான் புடுங்குனேன். கேக்க வர்றேன்னு சொல்றீங்களே” என்றார்.

அக்காவின் பழைய மினிவேனின் பின்பக்கத்தைத் திறந்தால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், வலைப்பை நிறைய ஆரஞ்சு, இரண்டு மேரி பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும். டெக்சாஸ் வெயிலில் ஹார்லிக்ஸ் கல்லாகக் கெட்டியாகிவிடும். மாதம் ஒருமுறை மாற்றுவார். பழையதை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். என் மனைவி அதைக் கத்தியால் குத்தி எடுப்பாள்.

கேட்கப் போவதற்கு அவரிடம் சில முறைகள் இருந்தன. அன்றைக்கே போக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள். “ரெண்டு நாள் கழிச்சிப் போனா அது விருந்துக்குப் போறது” என்பார். நல்ல நாற்காலியில் உட்காரக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். முக்கியமாக, புத்தி சொல்லக் கூடாது. ஒரு தடவை நானும் கூடப் போன இடத்தில், முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“நாம எதுக்குத் தம்பி வந்தோம்?”

“பாக்கத்தான் அக்கா.”

“கேக்க வந்தோம். சொல்லவா வந்தோம்? வெந்நி வச்சிக் குடுக்க அவிய வீட்டுல ஆளில்லையா?”

எதற்காக இப்படி ஓடுகிறார் என்று நான் கேட்டிருக்கிறேன். “வேற எங்க போவச் சொல்லுத? மால்ல நடந்தா முட்டு வலிக்கி” என்றார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலை நாளன்று காலை பதினோரு மணிக்கு ஒரு கோயம்புத்தூர்ப் பையன் கடையில் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். டெலிகாம் கம்பெனியில் வேலை. இந்நேரத்தில் எப்படி என்று கேட்டேன். லே-ஆஃப் ஆகிவிட்டது, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அக்கா அவன் வீட்டு வாசலில் ஹார்லிக்ஸோடு நின்றிருக்கிறார். கதவைத் திறந்தது அவன் மனைவி. கேட்டுவிட்டுப் போக வந்தேன் என்றிருக்கிறார் அக்கா. “வாங்க அக்கா, யாருக்கு என்னாச்சுங்க?” என்றாளாம் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் நின்ற பையன் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்று.

“ஒரு வெவரம் கேக்க வந்தம்மா. உங்க வீட்டுல கறிவேப்பிலைச் செடி நிக்காம்லா. ஒரு கன்னு கெடைக்குமா?”

அந்தப் பெண் அக்காவின் கையைப் பார்த்தாளாம். “செடிக்கு ஹார்லிக்ஸ் போடுவாங்களா அக்கா?”

அக்கா ஹார்லிக்ஸைக் கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலைக் கன்றை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கவுன்ட்டருக்கு வந்தாள். “அன்னைக்கு நீங்க எதுக்கு வந்தீங்கன்னு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. நேராச் சொல்லியிருந்தா உங்களோட உக்காந்து அப்பவே அழுது முடிச்சிருப்பேன்” என்றாள். அக்கா அவளுக்கு ஒரு தட்டில் வடை வைத்துக் கொடுத்து, கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் அரை மணி நேரம் நின்றார்கள். என்னிடம் அக்கா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மொத்தத் தப்பும் என்னுடையதுதான் என்பதுபோல நடந்துகொண்டார். பாதி என்னுடையதுதான்.

இப்போது அக்கா கலிபோர்னியாவில், சான் ரமோனில், மகள் வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். இங்கே யார் யாருக்கு என்ன என்று வரிசையாகக் கேட்பார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் “நீ போனியா?” என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் நாலைந்து வீடுகளுக்குப் போயிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, அக்கா இங்கே இருந்தபோது நடந்த ஒரு ஃபுட்பால் விஷயம்.

என் மனைவி நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள், நான் அவளோடு வந்தேன். மகன் இங்கேயே பிறந்தவன். நாங்கள் இருவரும் சராசரி உயரம். அவன் பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டி, கதவு அகலத்துக்கு வளர்ந்துவிட்டான். அவனைப் பார்த்த கோச் யாரும் விடவில்லை. ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, கையில் பந்தை வைத்துக்கொண்டு மோதுகிற ஆட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே ஸ்டேடியத்தில் இருக்கும்.

அந்த ஆட்டத்தை அக்காவுக்குப் புரிய வைத்தவன் மகன்தான். ஒருநாள் பள்ளி விட்டு வந்து, அவருடைய கவுன்ட்டரில் ஐந்து உருளைக்கிழங்கை வரிசையாக வைத்தான். அதற்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம்.

“இது குவார்ட்டர்பேக், அக்கா ஆன்ட்டி. பால் இவன் கையிலதான் இருக்கும். யாருக்கு த்ரோ பண்றதுன்னு இவன்தான் டிசைட் பண்ணுவான். மத்த டீம் இவனை அடிக்க ஓடி வரும்.”

“அய்யோ. அப்ப நீ யாருடே?”

அவன் ஓரத்து உருளைக்கிழங்கைத் தொட்டான். “ஐ ஆம் திஸ் பொட்டேட்டோ. லெமனை யாரும் டச் பண்ணாம பாக்கணும். அவ்ளோதான் என் ஜாப்.”

அன்று முதல் அந்த டீமின் குவார்ட்டர்பேக்குக்கு எங்கள் கடையில் எலுமிச்சம்பழப் பையன் என்று பெயர். ஒல்லியான வெள்ளைக்காரப் பையன். ஊர் முழுக்க அவன் படம்தான். முடிவெட்டுகிற கடையில்கூட ஒட்டியிருந்தார்கள். ஆட்டம் பார்க்க வா என்று மகன் அக்காவை மாதக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவிக்கு டூட்டி விழுந்தது. அவளுடைய டிக்கெட்டில் அக்கா வந்தார். அக்டோபர் மாதம், வியர்க்கிறது, அவர் காதை மறைத்து மஃப்ளர் கட்டியிருந்தார்.

பிள்ளையின் படம் போட்ட பெரிய வட்ட பேட்ஜைப் பெற்றோர் நெஞ்சில் குத்திக்கொள்வது இங்கே வழக்கம். நானும் குத்தியிருந்தேன். மகனின் முகம், கீழே எழுபத்திரண்டு என்று அவன் சட்டை நம்பர். நாலு பேர் “குட் லக்” சொன்னார்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவதில் அது நடந்தது. எங்கள் பிள்ளைகள் மூன்று புள்ளி முன்னால் இருந்தார்கள். மகனுக்கு எதிரே நின்ற தடியன் இடப்பக்கம் வருவதுபோலக் காட்டி வலப்பக்கம் போனான். மகன் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். எலுமிச்சம்பழப் பையன் எறியக் கையை ஓங்கியிருந்தான். தடியன் அவன்மேல் மோதி இருவரும் விழுந்த சத்தம் மேலே வரை கேட்டது. தடியன் எழுந்தான். மற்றவன் எழவில்லை.

ஒரு ஸ்டேடியம் முழுக்கச் சத்தம் நிற்பதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பேண்டு வாசித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மைதானத்தில் இரண்டு டீம் பிள்ளைகளும் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். கன்னத்தில் டீமின் கலரைப் பூசியிருந்த ஒருவர் அழுததில் கலர் கழுத்து வரை வழிந்தது. இரண்டு வரிசைக்கு அப்பால் கையைக் கோத்து ஜெபித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் பையனைத் தாங்கி எழுப்பினார்கள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நடந்தான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்தேன்.

கைதட்டல் முடிந்து மூச்சு விடுவதற்குள் வேறு பேச்சு ஆரம்பித்தது. “பேக்கப் யாரு?” என்று ஒருவர். “டென்த் கிரேட் பையனாமே” என்று இன்னொருவர். சீசன் கடைசியில் வருகிற ப்ளேஆஃப் ஆட்டங்கள் போச்சு என்று ஒருவர் தலையில் கை வைத்தார். பைனாகுலர் வைத்திருந்த ஒரு மனிதர் பெரிய குரலில் ஏதோ சொன்னார். அந்த வேகத்தில் எனக்கு முழுக்கப் பிடிபடவில்லை, ஆனால் “செவன்ட்டி டூ” புரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் “செவன்ட்டி டூ” என்றார். பிறகு அது வரிசை வரிசையாக எங்களை நோக்கி இறங்கி வந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள்.

நான் பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

அக்கா பார்த்தாரா என்று தெரியவில்லை. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாற்று ஆட்டக்காரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி வருவதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஒருவர் மட்டும் எழுந்து நின்று எதிர்த்திசையில், அடிபட்டவனைக் கூட்டிப்போன கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

“எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவன்னு யாருமே கேக்கலியே தம்பி” என்றார்.

அந்த ஆட்டத்தில் தோற்றுப்போனோம்.

மறுநாள் சனிக்கிழமை. கடை திறந்ததிலிருந்து அதே பேச்சு. முந்தின நாள் வரை மாற்று ஆட்டக்காரனின் பெயர்கூட ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது அவன் காலையில் என்ன சாப்பிடுவான் என்பது வரைக்கும் தெரிந்திருந்தது. அடிபட்டவனுக்குக் காறை எலும்பு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது, உடைந்துவிட்டது, இந்த சீசன் அவ்வளவுதான் என்றார்கள். அதைச் சொன்ன வாயாலேயே அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயிக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கும் வராத மெட்ராஸ்காரர் ஒருவர் பீர்க்கங்காயைக் கூடையில் போட்டுவிட்டு என்னிடம் போனை நீட்டினார்.

“சார், செவன்ட்டி டூ உங்க சன்தானே? நான் ஸ்லோ மோஷன்ல பாத்தேன் சார். லெஃப்ட் ஃபுட் ஒரு செகண்ட் லேட். பிளேம் பண்ணல, ஜஸ்ட் சொல்றேன்.”

நான் “சரிங்க சார்” என்றேன். பீர்க்கங்காய் இளசா என்று கேட்டார். இளசுதான் என்றேன்.

மகன் இரவிலிருந்து அறையை விட்டு வரவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பள்ளியில் ஆட்டத்தின் வீடியோவை டீம் முழுவதற்கும் போட்டுக் காட்டுவார்கள். ஃபிலிம் என்பார்கள். யார் எங்கே தப்பு செய்தார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். அதற்குப் போக மாட்டேன், திங்கட்கிழமை ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், இனி விளையாட மாட்டேன் என்று கதவுக்கு உள்ளே இருந்தே சொன்னான். ஏழாம் வகுப்பிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே ஆசை அது. நண்பர்களும் அதில்தான். என் மனைவி டூட்டிக்குப் போகும்போது, “நீங்க எதாவது பேசுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைக்குக் கிளம்பும் முன் நான் கதவுக்கு வெளியே நின்று “சாப்பிட வா” என்று சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, கடையில் அக்கா தலைவலையைக் கழற்றிவிட்டு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கெளம்பு. கேட்டுட்டு வந்துருவோம்.”

“எங்க அக்கா?”

“எலுமிச்சம்பழப் பையன் வீட்டுக்கு.”

“அக்கா, இடிச்சது வேற ஆளா இருந்தாலும் விட்டது எம் பையன். அவங்க கோவத்துல இருப்பாங்க. எந்த முகத்தோட போவ?”

“ஊரே போயிருந்தா நாம போவாம இருக்கலாம். போயிருக்கான்னு தெரியுமா உனக்கு?”

“இங்க யாரும் அப்படி வீட்டுக்குப் போவ மாட்டாங்க அக்கா.”

“அதான் சொல்லுதேன்.”

என் வீட்டுக்கு வந்து மகனின் கதவைத் தட்டினார். எனக்கு அந்த வீடு தெரியாது, வழி காட்ட மட்டும் வா என்றார். “ஜிபிஎஸ் இருக்குல்ல அக்கா ஆன்ட்டி” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. “அது எங்கிட்ட இங்கிலீஷுல்லா பேசுது” என்றார். பிறகு கதவு திறந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “பீப்பிள் ஜஸ்ட் டெக்ஸ்ட், அக்கா ஆன்ட்டி” என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டான்.

பத்து நிமிஷ தூரம். அந்த வீட்டுப் புல்வெளியில் பையனின் நம்பரை எழுதிய பலகை நட்டிருந்தது. வாசலில் ஏர்கண்டிஷனர் ரிப்பேர் செய்கிற வேன் ஒன்று மட்டும் நின்றது. வேறு கார் இல்லை. நான் வழி முழுக்க மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தவர் அந்தப் பையனின் அப்பா. பெரிய உருவம், தொப்பி, தூங்காத கண். முதலில் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தார். முகம் மாறியது. நான் தயார் செய்ததைச் சொன்னேன்.

“சார், வீ கேம் டு ஆஸ்க்.”

“ஆஸ்க் வாட்?” என்றார்.

‘கேட்க வந்தோம்’ என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன் என்பது அவர் திருப்பிக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. என்ன கேட்க வந்தோம்? தமிழில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மன்னிப்பு கேட்க வந்தோம் என்று நினைத்தாரோ, வேறு ஏதாவது உதவி கேட்க வந்தோம் என்று நினைத்தாரோ தெரியாது. கதவைப் பாதி பிடித்தபடி நின்றார். மகன் பின்னால் “அப்பா, லெட்ஸ் கோ” என்று முணுமுணுத்தான்.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். ஹார்லிக்ஸை நீட்டினார்.

“ஆஸ்க், ஒன்லி ஆஸ்க்” என்றார். “யுவர் பாய். நைட்டு ஸ்லீப்? பெயின்? யூ டெல். வீ சிட்.”

அந்த மனிதர் ஹார்லிக்ஸைப் பார்த்தார், மஃப்ளரைப் பார்த்தார். பிறகு கதவை முழுதாகத் திறந்தார்.

உள்ளே சாய்வு நாற்காலியில் பையன் கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் கையைத் தொங்கவிட்டுச் சாய்ந்திருந்தான். பக்கத்து மேஜையில் இரண்டு போன்கள் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா சோபாவை விட்டுவிட்டு ஷூ போடுவதற்கு வைத்திருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். அப்புறம் அந்த அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

அவர் பேச ஆரம்பித்தார். முதலில் டாக்டர் சொன்னது, தகடு வைக்க வேண்டுமா வேண்டாமா என்பது. பிறகு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸில் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம், முதல் பாதியில் தான் எறிந்த ஒரு பந்து நல்ல எறிதானே என்று. பையனின் அம்மா வேறு ஊரில் இருக்கிறார், விமானம் கிடைக்காமல் போனில் அழுதுகொண்டிருக்கிறார் என்றார். படுத்தால் வலிக்கிறது என்று பையன் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவரும் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். காலையிலிருந்து நூற்றுக்கணக்கில் மெசேஜ், எல்லாம் ஒரே கேள்வி, எப்போது திரும்ப ஆடுவான் என்று. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் அக்கா “ம்” என்றார். சில இடத்தில் “ச்சொ ச்சொ” என்றார். ஒரு இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, அக்காவைப் பார்த்தே பேசினார். முக்கால் மணி நேரம்.

மகன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பிறகு மகன் தரையைப் பார்த்துக்கொண்டு, “மை பேட்” என்றான், என் தப்புதான் என்பதற்கு.

“யா. இட் வாஸ்” என்றான் அந்தப் பையன்.

பிறகு, அக்கா கொண்டு வந்து தன் மடியில் வைத்திருந்த ஆரஞ்சு வலையைத் தூக்கிக் காட்டினான். ஒரு கையால் எப்படி உரிப்பது என்று கேட்டான். மகன் வாங்கி உரித்தான். நார் எல்லாம் எடுத்துக் கொடுத்தான். அவன் தின்றுவிட்டு இன்னொன்று என்றான். மூன்று உரித்தான். மூன்றாவதில் இவனும் பாதி தின்றான். அதற்குள் இருவரும் யாரோ ஒரு டீச்சரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வைக்காதே, எலும்பு வலிக்கிறது என்று அவன் கத்தினான்.

கிளம்பும்போது அந்த அப்பா வாசல் வரை வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மகனின் முதுகில் ஒரு தட்டு தட்டினார், கொஞ்சம் பலமாகவே. அக்காவிடம் எப்படி விடைபெறுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா கும்பிட்டார், அவரும் கும்பிட்டார், தொப்பியோடு.

வண்டியில் ஏறியதும் அக்கா என்னிடம் திரும்பினார். “நல்ல மனுசன். என்ன தம்பி சொன்னாவ?”

“உங்களுக்குப் புரியலியா அக்கா?”

“ஆம்புலன்ஸும் மம்மியும் புரிஞ்சுது. மத்தது எல்லாம் வேகமால்லா பேசுதாவ.”

“அப்ப எதுக்கு அழுதீங்க?”

“அவிய அழுதாவல்லா.”

பின்சீட்டில் மகன் சிரித்தான். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாளைக்கு என்ன செய்யப் போகிறான் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அக்கா என் முழங்கையை இடித்தார். நான் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் மனைவியும் மகனும் பூசைக்குப் போனோம். ஒன்றே முக்காலுக்கு, ஃபிலிம் பார்க்க, மகனைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். நாலரை மணிக்குத் திரும்பக் கூட்டி வந்தேன். அவன் அந்தத் தடியனை விட்டுவிட்ட காட்சியை ஆறு தடவை போட்டார்களாம். வீட்டுக்கு வந்து எட்டு தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.